வெறுங்குளிசை

ஈஸ்ட் ஹாமில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் யேசுரட்ணத்தின் வீடு. ஒடுங்கிய படிகளில் பாதி ஏறியதும் இம்மாகுலேற் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கவில்லை. மேலே போனால் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி இதையே ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போயிருந்தது. தமிழில் சொல்ல இருந்தது இந்த ஒரு வீட்டில்தான். அதைக் கடைசிக்கு வைத்தது தற்செயலா என்று அவளுக்கே தெரியவில்லை.

மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்று, எண்பத்துநாலில் லண்டன் வந்தவள். வார்டு வேலையில் இடுப்பு விட்டுப்போன பிறகு, இதயப் பிரிவில் ஆராய்ச்சித் தாதி வேலை கிடைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போகாமல் ஒரு புதுக் குளிசை காக்குமா என்று பார்க்கும் பரிசோதனை. பாதிப் பேருக்கு மருந்து. மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒரு குழு மட்டும் இடைக்கிடை கூடி, இரு பக்கத்தையும் திறந்து பார்க்கும். போன கிழமை அப்படிப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில்தான் கூடுதலான சாவு. துடிப்பை ஒழுங்காக்கிய குளிசையே சிலரின் இதயத்தை நிறுத்தியும் இருக்கிறது. பரிசோதனை அன்றோடு முடிந்தது. குளிசையை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லியாயிற்று. யாருக்கு எது விழுந்தது என்பதை மட்டும் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்றார் பெரிய டொக்டர். இறந்தவர்களின் வீடுகளுக்கு என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். அதைப் பிறகு கூடிப் பேசுவோம் என்றார்.

இந்த வேலைக்கு எடுத்தபோது பயிற்சி கொடுத்தார்கள். ஆசை காட்டக்கூடாது, பயம் காட்டக்கூடாது. எது நல்லதென்று எங்களுக்குத் தெரியாது என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர் சொல்லிப் பழகினார்கள். ஆங்கிலத்தில் அது வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. தமிழில் வருவதாயில்லை. டொக்டருக்குத் தெரியாதாம் என்றால், அப்ப தெரிஞ்ச டொக்டர் எங்கை இருக்கிறார் என்றுதான் எங்கள் சனம் கேட்கும். அடுத்த கிழமை புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே இந்த வகுப்பை எடுக்கவேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

போன வருடம் யேசுரட்ணமும் பாலேந்திராவும் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அங்கேதான் இருவருக்கும் பழக்கம். யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் சீட்டுப் போலத் தீர்மானிப்பார்கள் என்று அவள் விளங்கப்படுத்த, பாலேந்திரா காசுச் சீட்டை நினைத்துச் சிரித்தான். "மிஸ், சீட்டெண்டா கழிவு எவ்வளவு போகும்?" யேசுரட்ணம்தான் முதலில் சம்மதித்தார். "அண்ணை கையெழுத்து வைச்சா நானும் வைக்கிறன்" என்று பாலேந்திரா பேனையை வாங்கினான். ஒரே நாளில் இரண்டு பேர் கிடைத்த சந்தோஷத்தில் அவள் அன்று வீட்டுக்குப் போனாள். சித்திரையில், வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த பாலேந்திரா அப்படியே சரிந்து செத்துப்போனான்.

யேசுரட்ணத்தின் மனைவி மெற்றில்டா கதவைத் திறந்து, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். யேசுரட்ணம் மிச்சக் குளிசைகளை மேசையில் எடுத்து வைத்திருந்தார். இம்மாகுலேற் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து சொன்னாள்.

"அண்ணை, உங்களுக்கு விழுந்தது வெறுங்குளிசை. அதிலை மருந்து இல்லை."

அவர் குளிசைப் போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஒரு வருஷமா என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தினனீங்களோ?"

"இல்லை அண்ணை. அப்பிடியும் விழலாமெண்டு முதலே சொன்னனான்."

"சொன்னனீங்கள்தான். ஆனா எனக்கு நல்லாச் சுகமா இருந்துதே. படியேற ஏலாமல் இருந்தனான், ஏறினன்."

"அது உங்கடை உடம்பு தானாத் தேறினது."

குசினி வாசலில் நின்ற மெற்றில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா காப்பாத்தினது. நீங்கள் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

அவர் முகம் மாறவில்லை. அது கோபமில்லை என்று இம்மாகுலேற்றுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர் நினைப்பு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எழும்பிவிடலாம் என்று பையை எடுத்தாள்.

"தங்கச்சி, பாலேந்திராவுக்கு?"

"மற்றவையின்ரை விஷயம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை அண்ணை."

"அவனுக்கும் வெறுங்குளிசை எண்டா, அனுமதி இல்லாட்டிலும் சொல்லியிருப்பியள்."

 இந்த இடத்துக்கு என்ன சொல்லவேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் நடித்துக் காட்டியதில்லை. கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மெற்றில்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கையெழுத்து வைச்சதைப் பாத்துத்தான் அவன் வைச்சவன்" என்றார் யேசுரட்ணம்.

"குளிசையாலைதான் செத்தவர் எண்டு ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல ஏலாது அண்ணை. அந்த நெஞ்சு வருத்தத்தாலையும் போயிருக்கலாம். எல்லாரையும் சேர்த்துப் பாக்கேக்கைதான் தெரியுது."

"அவன்ரை மனுசி கலாவதிக்கு எல்லாரும் எதுக்கு? அவளுக்கு ஒரு மனுசன்தானே."

அவர் எழும்பிக் கோட்டை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் முடிவெடுக்கவில்லை, பொறுங்கள் என்றாள். தன் வேலை போனாலும் போகும் என்றும் சொல்லிப் பார்த்தாள். "நீங்கள் வரவேண்டாம், நான் போறன்" என்று அவர் படியிறங்கினார். தனியே போனால் அரைகுறையாகத்தான் சொல்வார். கலாவதி கேட்கிற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அவள் பின்னால் இறங்கினாள். அவர் மழைத் தூறலில் கடைச் சனங்களுக்கிடையே முன்னால் நடந்தார். நெஞ்சு வருத்தக்காரனின் நடையாக அது இல்லை. மெதுவாகப் போங்கள் என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

அப்டன் பார்க்கில் கலாவதி அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். சூப்பர் மார்க்கெட் சட்டையைக்கூட மாற்றவில்லை. கதவைத் திறந்தவள் யேசுரட்ணத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கோ அண்ணை. என்ன இப்பிடி மூச்சிழுக்குது? குளிசை ஒழுங்காப் போடுறியளோ? அவர் ஒரு நாளும் தவற விட்டதில்லை, நான் விடமாட்டன். தேத்தண்ணிக்கு முதல் குளிசைதான்."

யேசுரட்ணம் வாசல்படியிலேயே குந்தினார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதன் நாடா முடிச்சில் விரல்கள் நின்றுவிட்டன.

"குளிருது, ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோவன்" என்றாள் கலாவதி, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி.

இம்மாகுலேற் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. திறந்த கதவால் வந்த ஹீட்டர் சூடு முகத்தில் பட, அவள் நிமிராமல், நகத்தால் அதை நெகிழ்த்தத் தொடங்கினாள்.