ஏழடி இரண்டங்குலம்

எங்கள் மணவறையின் பின்பலகை ஏழடி இரண்டங்குலம். மயிலும் தாமரையும் செதுக்கி ஒரே துண்டாகச் செய்தது. மடிக்க முடியாது, வெட்ட முடியாது, குனி என்றால் குனியாது. கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணங்களுக்கு அதை வாடகைக்குக் கொடுக்கிறேன். மாதத்தில் இரண்டு, கூடினால் மூன்று. என் கணவர் ஸ்ரீநிவாசனுக்கு இந்த நீளத்தைப் பதினொரு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஆவணியில் ஞானசம்பந்தம் ஐயாவின் மூத்த மகளுக்குக் கலியாணம். வாடகை லொறிக்காரன் மணவறைக் கதிரையும் பலகையுமாகத் தெமட்டகொடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றுவிட்டான். அவனுக்குப் பசியாம். பம்பலப்பிட்டி மண்டபத்தில் கலியாணப் பொம்பிளை பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தாலி வாங்கினாள். கதிரையின் சிவப்பு வீடியோவில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

ஐயா ஏசவில்லை. "தையில இளையவளுக்குக் கலியாணம், பிள்ளை. அதுக்கும் நீர்தான். இன்னொருக்கா இப்பிடி நடந்தா எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை" என்றார். ஏசியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும். அந்த மனிசன் ஒரு சொல் சொன்னால் வெள்ளவத்தையில் பிறகு என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே சொந்தமாக ஒரு கெப், சாமான் ஏற்றப் பின்தட்டு வைத்த வாகனம். முப்பது இலட்சத்துக்குள். சிவப்பு ரிபன் ஒன்றில் ஏழடி இரண்டங்குலத்துக்கு முடிச்சுப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தெமட்டகொடையில் மஜீட் என்பவர் ஒரு டபுள் கெப் காட்டினார்: ஆட்கள் இருக்க இரண்டு வரிசை, சாமானுக்குக் குட்டிப் பின்தட்டு. என் கணவர் ஏறி இருந்து கண்ணாடியைத் திருப்பித் தன் தலைமயிரைப் பார்த்துக்கொண்டார்.

"ஃபெமிலிக்கு நல்லா ஈக்கி சேர்" என்றார் மஜீட். "கதிர்காமம் வரைக்கும் சொகுசாப் போகலாம்."

நான் பின்தட்டில் ரிபனை விரித்தேன். இரண்டடி வெளியே தொங்கியது.

"ஆனந்தி, ஆக்கள் பாக்கினம்" என்றார் இவர்.

"பாக்கட்டும். பலகை தொங்கினாலும் பாப்பினம்தானே?"

மூன்று கிழமையில் ஆறு கெப் பார்த்தோம். ஐந்து டபுள் கெப். ஆறாவதும் டபுள் கெப்தான், ஆனால் கறுப்பு. கண்டறியாத கறுப்பு!

கடைசியில் கொட்டாஞ்சேனையில் நோபேட் என்பவரிடம் ஒரு வெள்ளை சிங்கிள் கெப் இருந்தது; ஒரே வரிசை இருக்கை, நீளமான பின்தட்டு. பின்தட்டின் அடியில் குறுக்கே நாலு பித்தளை உருளைகள். ரிபனை விரித்தேன். தட்டில் ஓரங்குலம் மிச்சம். உருளைகளைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். மூன்றாவது மட்டும் பூனைக்குட்டி மாதிரிக் கத்தியது.

"எண்ணெய் விட்டும் அது கத்துது மிஸ்" என்றார் நோபேட்.

"இதில என்ன ஏத்தினனீங்கள்?"

"நம்மட மலர்ச்சாலை மிஸ். சவப்பெட்டி. இருபது வருசம். இப்ப மூடுறோம். வாறவங்க எல்லாருக்கும் உண்மையத்தான் சொல்றேன், அதால ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல. இருபத்தாறு இலட்சம் தந்தாப் போதும்."

திரும்பிப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே தெருவில் நின்றார்.

"கலியாணச் சாமானை அதிலயோ? விசரே உமக்கு?" வீடு வரும்வரை இதுதான்.

"அதில போன ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை. பிளாஸ்டிக் கதிரையில இருந்த பிள்ளைதான் இண்டைக்கும் சொல்லுறாள்."

வாயால் சொல்லிவிட்டேன்; உள்ளே எனக்கும் பயந்தான். ஆனால் தை எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. வாங்கினோம். மஞ்சள் தண்ணீரால் மூன்று தரம் கழுவினேன். நாலு சில்லுக்கும் கீழே நசுங்கத் தேசிக்காய் வைத்தேன். ஸ்பெயார் சில்லுக்கும் ஒன்று வேண்டும் என்று இவர் ஐந்தாவதை வைத்தார். ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று சாமிப்படத்துக்கு முன்னால் இருவரும் சத்தியம் செய்தோம்.

இளையவளின் கலியாணத்தன்று ஞானசம்பந்தம் ஐயா பட்டுவேட்டியோடு மண்டப வாசலில் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். இவர் கெப்பைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, சொன்ன நேரத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஐயாவின் முகம் தெளிந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பலகையை இழுத்தோம். மூன்றாவது உருளை கத்தியது.

ஐயா தலையைத் திருப்பினார். கிட்ட வந்து, அந்த உருளையில் விரல் வைத்து மெல்லச் சுற்றினார். மறுபடியும் கத்தியது.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் என்ர அம்மாவின்ர பெட்டியை இதிலதான் தள்ளி ஏத்தினனான்" என்றார். "இந்தச் சத்தம் எனக்கு மறக்காது."

என் கணவர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் ஐயா. அதேதான். நேரத்துக்கு வரவேணும் எண்டுதான்... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அழுகை வந்துவிட்டது. முடிந்தது, இனி வெள்ளவத்தையில் என் தொழில் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஐயா சால்வையை இடுப்பில் கட்டினார்.

"இளையவள்தான் அம்மாவுக்கு உயிர். இவளின்ர கலியாணத்தைப் பாக்காமப் போறன் எண்டு கடைசி வரைக்கும் அழுதவ." பலகையின் ஒரு நுனியைத் தானே பிடித்தார். "உள்ளுக்கு ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ. அம்மா வந்திட்டா எண்டு எனக்குத் தெரிஞ்சாப் போதும். தூக்கும் பிள்ளை."

மற்ற நுனியை நான் பிடித்தேன்.