சித்திரை ஜாடியும் ஐப்பசி ஜாடியும்

தங்கராசுவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே சிவந்திருந்த காது ஆலப்பாக்கம் தாண்டியும் ஆறவில்லை. கோழிக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், வெயில் படுகிறதென்று நினைத்து இடம் மாறிக்கொள்ளச் சொன்னாள். அவன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கார்பன் காப்பியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

கடலூர்ச் சுற்று வட்டாரத்தின் தட்பவெப்பம் திராட்சைக்கும், திராட்சை ரசத்துக்கும், அதாவது ஒயினுக்கும் ஏற்றதன்று என்று மூன்று பக்கத்தில் ஆங்கிலத்தில் முடிவு கட்டியிருந்தது அந்தக் காப்பி. எழுதியவர் அவன் படிக்கும் விவசாயக் கல்லூரியின் பேராசிரியர் மணவாளன். டைப் அடித்தவன் தங்கராசு. வியாழக்கிழமை டைப்பிஸ்ட் லீவு. நெல்லிக்குப்பத்தில் விடுமுறைக்கு விடுமுறை டைப் பழகிய பாவத்துக்கு அவனை உட்கார வைத்துவிட்டார்கள். அடித்துக் கொடுத்ததும் பேராசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எதையுமே அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. படிப்பதற்கென்று அவரிடம் வேறு புத்தகம் இருந்தது.

அது பிரெஞ்சு தேசத்துத் திராட்சையைப் பற்றிய கனத்த புத்தகம். அதை வைத்துக்கொண்டு அவர் பாடம் நடத்தினால் மாணவர்களுக்குக் குளிரும். குளிர்ந்த ஊரில் பழத்தின் புளிப்பு தங்கும், வெயில் ஊரில் இனிப்பு ஏறும், மலைச்சரிவில் ஒரு ருசி, ஆற்றங்கரையில் ஒரு ருசி, கொடியின் இனமும் ஊரின் வானமும் சேர்ந்துதான் ஒயின் என்பார். அவ்வளவும் உண்மை. தங்கராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதனால்தான். முழு முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கல்லூரித் தோட்டத்தில் ஆறு கொடி நட்டார்கள். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் தோட்டம் போட்டிருந்த ஜமாலுதீனிடமிருந்து பன்னீர் திராட்சைக் குச்சிகளை வாங்கி வந்தவன் தங்கராசு. கொடி வளர்ந்து பந்தல் ஏறியதும், எப்போது கவாத்து செய்வது, அதாவது எப்போது கிளை கழிப்பது என்ற கேள்வி வந்தது. பிரான்சில் அக்டோபரில் பழம் பறிக்கிறார்கள் என்றது புத்தகம். பேராசிரியர் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணி, ஜூனில் வெட்டச் சொன்னார். இங்கே அக்டோபரில் மழை கொட்டுமே என்று தங்கராசு கேட்டான். திராட்சையின் அறுவடைக் காலத்தைத் தாமும் அவனும் தீர்மானிக்க முடியாது, ஆயிரம் வருஷமாகத் தீர்மானமான விஷயம் அது என்று பதில் வந்தது.

ஐப்பசியில் மழை ஆயிரம் வருஷத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பெய்தது. பழுத்துக்கொண்டிருந்த பழமெல்லாம் வெடித்து, பூசணம் பிடித்து, ஈ மொய்த்தது. அந்தப் பழத்தைப் பிழிந்துதான் ஒரு ஜாடி ஒயின் போட்டார்கள்.

மதுவிலக்கு நடக்கும் ராஜ்யத்தில் ஒயின் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. இரண்டு கண்ணாடி ஜாடிக்கு சர்க்கார் பெர்மிட் கொடுத்தது. கூடவே ராஜாமணி என்ற கான்ஸ்டபிளையும் கொடுத்தது. சோதிக்கலாம், குடிக்கக் கூடாது என்பது பெர்மிட் நிபந்தனை. ஜாடி வாயில் அரக்கு வைத்து, முத்திரையைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, ராஜாமணி ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேராசிரியரோ பானகத்துக்கு மேல் எதையும் நாவில் விட்டறியாதவர். ஐப்பசி ஜாடியை ஒரே ஒரு தரம் திறக்கச் சொல்லி, மூக்கைக் காட்டி, தும்மிவிட்டு, புளித்துக் காடியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்.

இன்னொரு ஜாடி இருந்தது. அதற்கு முந்தின சித்திரையில் ஜமாலுதீன் தோட்டத்துப் பழத்தில் தங்கராசு போட்டது. கோடையில் பழுத்தது பருவம் தப்பிய பழம், அது கணக்கில் சேராது என்று பேராசிரியர் அதைத் திறக்கவே இல்லை.

பஸ் திருப்பாதிரிப்புலியூரில் நின்றது. தங்கராசு மலையேறி நடந்தான்.

ஜமாலுதீன் பினாங்கில் கப்பல் ஆபீசில் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்தவர். மலைச் செம்மண்ணில் மூன்று ஏக்கர் சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கம்பம் ஊரிலிருந்து திராட்சைக் குச்சி கொண்டுவந்து நட்டார். பழத்துக்கு ஏற்ற இடமல்ல என்று நிபுணர் எழுதினால் குத்தகை ரத்து என்று பத்திரத்திலேயே இருந்தது. பேராசிரியரின் அறிக்கையை வைத்துத் திங்கட்கிழமை டெபுடி கலெக்டர் ஆபீசில் விசாரணை.

பந்தலுக்கு அடியில் கருநீலமாகக் குலை குலையாகத் தொங்கியது. அவர் மனைவி ஜொஹரா பீவி கூடையில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜமாலுதீன் கார்பன் காப்பியை வாங்கி மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நீதான அடிச்ச?"

"ஆமாம் மாமா."

"ஒரு எழுத்து தப்பில்ல. கமா எல்லாம் கரெக்டா வெச்சிருக்க. என் கழுத்த அறுக்கறதுக்கு இவ்ளோ சுத்தமா யாரும் கத்தி தீட்ட மாட்டாங்க தம்பி."

தங்கராசுவின் காது இன்னும் சிவந்தது. இந்தத் தடவை கோபம் யார் மேல் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"அவரு இங்க வந்து பாத்தாரா?" என்றாள் ஜொஹரா பீவி.

"இல்ல மாமி."

"வராமலே எழுதிட்டாரா? எங்க வூட்டு ஆடு பரவால்ல. வந்து தின்னுட்டாச்சும் போவுது."

ஜமாலுதீன் ஒரு கிளையைப் பிடித்துக் காட்டினார். "அந்த ஊர்ல குளிரு வந்து கொடியத் தூங்க வெக்கிது. இந்த ஊர்ல அது தூங்கவே தூங்காது. நாமதான் கத்தரிய வெச்சுத் தூங்க வெக்கணும். மழ வுட்டு, மார்கழியில வெட்டுனா சித்திரையில பழம். நோம்புக்கு ஒரு மாசக் கணக்கு, கோர்ட்டுக்கு ஒரு மாசக் கணக்கு, கொடிக்கு ஒரு மாசக் கணக்கு. இது தெரியாதவரு எதுக்குப்பா வாத்தியாரு?"

திங்கட்கிழமை தங்கராசு ஒரு கூடைப் பழத்தோடு ஜமாலுதீனுடன் ஆபீசில் நின்றான். பெர்மிட் கெடுவும் அன்றோடு முடிந்ததால் ராஜாமணி இரண்டு ஜாடிகளையும் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து, மேஜை மேல் வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். சாக்குத் துணி சுற்றியிருந்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை.

டெபுடி கலெக்டர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரு குலையைத் தின்று முடித்தார். பிறகு, பழம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். பேராசிரியர் எழுந்து, வாய்க்கு ருசிப்பது விஞ்ஞானமாகாது, ஒயின்தான் ஊரின் வானத்தைச் சொல்லும், இந்த ஊர் வானம் காடியைச் சொல்கிறது என்றார்.

"அது ஐப்பசி ஜாடி சார். சித்திரை ஜாடியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க" என்றான் தங்கராசு. குரல் அவன் நினைத்ததைவிட உயரப் போய்விட்டது. இரண்டு குமாஸ்தாக்கள் பேனாவை நிறுத்தினார்கள்.

ஐப்பசி ஜாடியைத் திறந்தார்கள். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. மின்விசிறி அந்த நெடியை ஆபீஸ் முழுக்கப் பட்டுவாடா செய்தது. பிறகு சித்திரை ஜாடியின் அரக்கை உடைத்தார்கள். உடைக்கும் வரை முத்திரை பழுதில்லாமல்தான் இருந்தது. ஜாடி காலி. அடியில் ஒரு சொட்டு வண்டல்கூட இல்லை. அவ்வளவு மரியாதையாகக் குடிக்கப்பட்டிருந்தது.

எல்லோரும் ராஜாமணியைப் பார்த்தார்கள். ராஜாமணி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

டெபுடி கலெக்டர் காலி ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். சர்க்கார் கான்ஸ்டபிள் சர்க்கார் முத்திரையை வைத்துக்கொண்டு சர்க்கார் மதுவிலக்கைக் குடித்துவிட்டார் என்று ஒரு ஃபைலில் எழுத முடியாது. கடைசியில் குமாஸ்தாவிடம், கடலோர உஷ்ணத்தால் திரவம் ஆவியாகிவிட்டது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பேராசிரியர் முகம் மலர்ந்தது. தட்பவெப்பம் ஏற்றதல்ல என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்.

தங்கராசு மேஜையில் கையை ஊன்றினான்.

"ஒரே அலமாரி சார். ஒரே இனம், ஒரே மாதிரி ஜாடி, ஒரே உஷ்ணம், ஒரே கான்ஸ்டபிள். சித்திரை ஜாடி மட்டும் ஆவியாவும், ஐப்பசி ஜாடி சொட்டுக் கொறையாதா? கெட்டுப்போனத யாரும் ஆவியாக்க மாட்டாங்க சார். இதவிட என்ன சோதனை வேணும் உங்களுக்கு?"

ஒரு குமாஸ்தா இருமலைப் போல ஒன்றை அடக்கினார். ராஜாமணியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று தங்கராசு வாயைத் திறந்தான். ஜமாலுதீன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

"போதும் தம்பி. ருசி பாத்த ஒரே ஆளு அவர்தான். அவரப் போயி காட்டிக் குடுப்பியா?"

டெபுடி கலெக்டர் குமாஸ்தா எழுதியதை வாங்கிக் கோடு போட்டு அடித்தார். யார் குடித்தார் என்று இந்த ஃபைல் கேட்கவில்லை, தோட்டத்தை யார் பார்த்தார் என்றுதான் கேட்கிறது என்றார். பேராசிரியர் நேரில் போய்ப் பார்த்துப் புது அறிக்கை தரவேண்டும், ஒரு வருஷத்துக்குள் தோட்டத்துக்குப் போகும் தேதியை அவரே எழுதிக் கொடுக்கட்டும், அது வரைக்கும் குத்தகை தொடரும் என்று முடித்துவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பகல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அங்கே உட்காரும் ஆபீஸ் டைப்பிஸ்ட் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். தங்கராசு அந்த மிஷினில் உட்கார்ந்து காகிதத்தைச் செருகினான். எந்தத் தேதி சார் என்று கேட்டான்.

"அக்டோபர் பதினஞ்சு. அதுதான் அறுவடைக் காலம்" என்றார் பேராசிரியர். சற்று முன் உள்ளே நடந்தது எதுவும் அவர் காதுக்குள் போயிருக்கவில்லை.

தங்கராசுவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பிரெஞ்சுப் புத்தகத்தைப் பிடுங்கிக் கெடிலம் ஆற்றில் எறிய வேண்டும் போலிருந்தது. பதிலாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விசையாகக் குத்தினான். ரிப்பன் கிழிந்துவிடும் என்று உள்ளேயிருந்து யாரோ எச்சரித்தார்கள். பேராசிரியர் பிரெஞ்சு மலைச்சரிவுகளின் மூடுபனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.

அசல் ஃபைலுக்குப் போயிற்று. காப்பியை ஜமாலுதீன் வாசலில் நின்று வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 1968, ஏப்ரல் 15 என்றிருந்தது. மறுபடியும் படித்தார்.

"தம்பி, இதுல ஒரு தப்பு இருக்கே."

"ஒண்ணுதான் மாமா," என்றான் தங்கராசு. "கமா எல்லாம் கரெக்டா வெச்சிருக்கேன்."

அவன் காது இன்னும் சிவந்துதான் இருந்தது.