முந்தானையில் பேர் வேண்டாம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் சந்தேகம். சமூக அக்கறை, கலை என்று நானே எங்காவது பேட்டியில் சொன்னால் நம்பாதீர்கள், வாசகரே. போன மாதம் என் மகள் அகிலாவின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் பெரிய காஞ்சிபுரம் போனோம். (என் கிறுக்கல்களைத் தட்டச்சு செய்து தருபவளும் அவள்தான்.) கடையில் புடவை பிரித்துக் காட்டிய சத்யப்ரியா சட்டம் படித்தவள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: சட்டம் படித்தவர்கள் எல்லோரும் வக்கீலாக வேண்டும் என்று எந்தச் சட்டமும்

(விட்டுவிட்டேன். கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் விஷயம் உண்மை. அவளோடு படித்த ஒருத்தி மென்பொருள் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுகிறாள். ஒருவன் யூடியூபில் சொத்துத் தகராறு பேசுகிறான். இவள் கறுப்புக் கோட்டு தைத்ததோடு சரி. பட்டுக்கடை வேலை, கேட்பவர்களுக்கு மட்டும், சம்பந்தம் பேசும் வீட்டைப் பற்றிக் காசுக்குக் கல்யாண விசாரணை.)

"கோர்ட்டுக்கு எல்லாம் உடைஞ்சப்புறம் வராங்க சார். இங்க அதுக்கு முன்னாடியே ரெண்டு வீடும் ஒரே பாய்ல ஒக்காந்துக்கினு இருக்குது" என்றாள்.

நல்ல வசனம். அதனாலேயே எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு தயாராக யார் பேசுவார்கள்?

3

இப்போதெல்லாம் மணமக்கள் பேரை முந்தானையில் நெய்து தருகிறார்கள். அகிலா ஆசைப்பட்டாள். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளை சிவராஜின் அம்மா, பக்கத்துத் தாமல் ஊர்க்காரர் கிருஷ்ணவேணிக்கு முகம் மாறிப்போனது.

"பேரு போடலாமாம்மா?" என்றாள் சத்யப்ரியா.

"நாள் ஆவும்மா."

நாலு புடவை தள்ளி மறுபடியும் கேட்டாள்.

"அப்புறம் வேற விசேஷத்துக்குக் கட்ட முடியாது."

"உள்பக்கமா, சின்னதா?"

"எங்க வீட்ல அது ஆவாதும்மா!"

எல்லோரும் காபி குடிக்க எழுந்தபோது, புடவையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ஒரே கேள்விக்கு மூணு பதில் சார். பேரு போட்டு, யாரும் வந்து வாங்காத புடவை ஒண்ணு மாடியில இருக்குது. மாப்பிள்ளை பேரு சிவராஜ். பொண்ணு பேரு வேற. நான் சேர்றதுக்கு முன்னாடி வந்த ஆர்டர், யாருதுன்னு தெரியாது. கூடவே ரெண்டு பேரோட அம்மா அப்பா பேரும் நெய்ஞ்சிருக்குது. பாக்குறீங்களா?"

"நீ யாருக்காகம்மா விசாரிக்கிற?"

"இதுவரைக்கும் யாருக்காகவும் இல்ல சார்."

4

(ஊரில் ஒரே ஒரு சிவராஜா? பிழைப்புக்காக இவளே கிளப்பிவிடுகிறாளா? ஆனால் கடையைத் தேர்ந்தது நான். வாசலிலேயே கிருஷ்ணவேணி "வேற கடைக்குப் போலாமேப்பா" என்றார். சொன்னாரா, கதைக்காக நான் சேர்த்துக்கொண்டேனா?)

முடிவு ஒன்று: அது வேறு சிவராஜ். சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறேன்.

முடிவு இரண்டு: அதே சிவராஜ். ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோவது குற்றமில்லை. ஆனால் அதை மறைத்து

5

உண்மையில் நான் மாடி ஏறவில்லை. சம்பந்தியம்மா நீட்டிய காபியைக் குடித்தேன். பயம்தான், வேறென்ன. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது.

அகிலா, வாசகர் என்று இதுவரை நான் கூப்பிட்டது உன்னைத்தான்மா. நேரில் சொல்ல வாய் வரவில்லை. மாடிப்படி புடவை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. சத்யப்ரியாவிடம் என் பேரைச் சொல். ஏறினாலும் சரி, இந்தத் தாளைக் கிழித்துப் போட்டாலும் சரி, நான் உன் பக்கம்தான்.

இதற்கு மேல் என் கையெழுத்து இல்லை. அடுத்த பத்தியை நீயே தட்டு.