அடி தெரியாத விரிசல்

வாசலில் கார் ஏறும் கான்கிரீட் பாதை வெடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். வேர் முட்டியிருக்கும், மண் வீங்கியிருக்கும், இல்லையென்றால் எவனோ ஒரு சோம்பேறி, கான்கிரீட் சுருங்க இடம் தரும் வெட்டுக்கோடு விடாமல் ஊற்றியிருப்பான். குப்பையைக் கூட்டி, விரிசலை அடைக்கும் நுரைக்கயிற்றை இரண்டு விரல் ஆழம் அமுக்கி, மேலே பசையை ஊற்றினால் வேலை முடிந்தது.

வெர்லன் டிட்வெல் வீட்டில் கயிறு நிற்கவேயில்லை. கையிலிருந்த இருபதடியும் உள்ளே போனது. கூழாங்கல்லைப் போட்டேன், சத்தம் வரவில்லை. விரிசலிலிருந்து சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது.

எங்கள் ஃப்ளோரிடா பக்கம் உறைபனி விழுந்தால் ஸ்ட்ராபெரிச் செடிகள் மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிப்போம். அது பனிக்கட்டியாகி மூடிக்கொண்டால் பழம் அதற்குமேல் குளிராமல் பிழைக்கும். வெர்லன் தன் தோட்டத்துக்காக எட்டு இரவாகப் பம்பு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கீழே சுண்ணாம்புப் பாறை, பாறை முழுக்கப் பொந்து. பொந்தின் கூரையைத் தாங்கி நின்ற தண்ணீர் போய்விட்டது.

விரிசல் நேரே படுக்கையறைச் சுவருக்குப் போனது. அவன் மனைவி லோரீன் இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரமாக அங்கேதான் கிடந்தாள்.

"இன்னைக்கு பம்பு போடாத வெர்லன். லோரீனைக் கூட்டிட்டுக் கெளம்பு."

"பதினஞ்சு ஏக்கரை உங்கப்பனா வந்து காப்பாத்துவான்? ஒரு ராத்திரிதான். நீ பூசிட்டுப் போ."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தோட்டத்துக்குப் போய்விட்டான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழைய துணியைத் திணித்துப் பூசினேன்.

பொழுது சாய்கையில் பம்பு உறுமியது. பூசிய பசை மெல்ல உள்ளே இறங்கியது. அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. லோரீனைப் போர்வையோடு தூக்கி என் வண்டியில் கிடத்தி, சாலைக்கு அப்பால் நிறுத்தினேன். வெர்லனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், தேடி வருகிறாரா பார்ப்போம் என்றாள். இரவு முழுக்க அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

விடிந்தபோது பழங்கள் அத்தனையும் பனிக்கட்டிக்குள் பத்திரமாக இருந்தன. வாசல் பாதையும் படுக்கையறையும் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். வெர்லன் ஈரக் காலணியோடு ஓடிவந்து விளிம்பில் மண்டியிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கதறினான்.

நான் வண்டிக் கதவைத் திறக்கப் போனேன். லோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்," என்றாள்.