மொர்வாலில் ஒரு மே மாத வாரம்

இந்த வருஷம் ஏரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது டெரியின் முறை. தொல்லையே அதுதான்.

மால்கமும் டெரியும் இருபத்திரண்டு வருஷமாக வருஷத்துக்கு ஒரு வாரம் கடல் தாண்டி பிரான்சுக்குப் போய்க் கெண்டை மீன் பிடிக்கிறவர்கள். பிடித்து, எடை பார்த்து, கைக்குழந்தையைப் போல ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். இதற்காக ஒரு மனுஷன் ஏழு நாள் சேற்றில் கூடாரம் போட்டுக் கிடப்பானா என்று கேட்டால், இங்கிலாந்தில் அவர்கள் ஊரான வெல்லிங்பரோவில் பாதி ஆம்பளைகள் கிடப்பார்கள். ஒரு வருஷம் மால்கம் ஏரியைச் சொல்வான், மறு வருஷம் டெரி. முறைக்காரன் சொன்ன ஏரியை மற்றவன் மறுக்கக் கூடாது. கேலி செய்யலாம், எவ்வளவு வேண்டுமானாலும். அந்தச் சலுகையை இருவரும் வஞ்சனையில்லாமல் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மால்கம் சொல்வது எப்போதும் தியோல். குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. வெந்நீர்க் குளியல் உண்டு, காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் வறுத்துத் தருவார்கள், வேனைத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தலாம். "அது ஏரி இல்லடா, முதியோர் இல்லம்" என்பான் டெரி. டெரிக்கு வேண்டியது மொர்வால். நூறு ஏக்கர் தண்ணீர். மூட்டை முடிச்சோடு படகு தள்ளித்தான் இடத்தைச் சேர வேண்டும். கக்கூஸ் வேண்டுமானால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டியதுதான். வாரம் முழுக்கக் காத்திருந்து தூண்டிலில் ஒரு கடிகூட இல்லாமல் திரும்பியவர்கள் அநேகம். ஆனால் அங்கேதான் பிஷப் இருந்தது. முதுகோடு ஒரே வரிசையாகப் பெரிய செதில் ஓடும் ராட்சசக் கெண்டை. பெயர் வைத்து ஐந்து வருஷம் கழித்துத்தான் அது பெண் என்று தெரிந்தது, பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. டெரி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பேத்தி படத்துக்கு மேலே பிஷப்பின் படம். ஆனால் அவன் முறை வந்த வருஷமெல்லாம் மொர்வாலில் இடம் இல்லை. மால்கமுக்கு அதில் உள்ளூர சந்தோஷம். "சேத்துக்குழி, சேத்துக்குழி" என்று இருபது வருஷமாக அந்த ஏரியைக் கரித்துக்கொட்டியவன் அவன்.

வியாழக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வாசலில் டெரியின் மனைவி மோரின் மால்கமைப் பிடித்துக்கொண்டாள். கையில் முட்டைக்கோஸ் இருந்தது. அதை வைத்துவிட்டுப் பேச அவளுக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் சொல்லிட்டார், மால்கம். கிறிஸ்துமஸ் பாக்கறதே கஷ்டமாம்."

டெரிக்கு நுரையீரலில் நோய் இருப்பது தெரிந்ததுதான். எவ்வளவு நாள் என்பதுதான் தெரியாது. அது டெரிக்கே தெரியாது, ஏனென்றால் அவன் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "மாசக் கணக்கெல்லாம் இவகிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சா நாள எண்ணிக்கிட்டே உக்காந்துடுவேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டானாம். மாத்திரை வேலை செய்கிறது, இன்னும் நாலைந்து வருஷம் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"நீ வாயத் திறந்துடாத" என்றாள் மோரின். "அவர் எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

மால்கம் வீட்டுக்கு வந்து, கையாலாகாதவன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தான். மொர்வாலை விலைக்கு வாங்கி நடத்துகிற பிலிப் என்ற இங்கிலாந்துக்காரனுக்குப் போன் போட்டான். அதிர்ஷ்டம் பாருங்கள், வருகிற மே மாதத்தில் ஒரு வாரம் யாரோ வர முடியாதென்று சொல்லிவிட்டதால் காலியாகியிருந்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றான் பிலிப். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தான் மால்கம். பாவி.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவன் போனபோது டெரி மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். காலர் கழுத்தைவிடப் பெரிதாகியிருந்தது. அடுப்படியில் மோரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிடுச்சுடா" என்றான் டெரி. "மொர்வால். செப்டம்பர் ரெண்டாவது வாரம். வர்ற வருஷம் இல்ல, அதுக்கடுத்த வருஷம்."

மால்கம் மனசுக்குள் மாதங்களை எண்ணினான். "அவ்வளவு நாள் கழிச்சா?"

"நல்ல ஏரின்னா அப்படித்தான். உன் முதியோர் இல்லம் மாதிரி நாளைக்கே வான்னு கூப்பிடுவானா?"

"மே மாசத்துல ஒரு வாரம் காலியாயிருக்காம். இந்த மே. பிலிப் சொன்னான்."

டெரி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தான். "நீ எதுக்கு பிலிப்புக்குப் போன் போட்ட? சேத்துக்குழிக்கு நீயா போன் போட்டியா?"

"சும்மாதான். உன் முறையாச்சேன்னு."

"மே மாசம் வேண்டாம். முட்டை போட்டு முடிச்சு வத்தலும் தொத்தலுமா இருக்கும். பிஷப்ப நான் ஒரு தடவதான் தூக்கப்போறேன். முழு எடையோட தூக்கணும். செப்டம்பர்லதான் அவ கொழுத்து நிப்பா."

மீன் பிடிக்கிறவனிடம் இதற்கு எதிராக என்ன பேச முடியும்? அவன் சொன்னது நியாயம். மால்கமே பத்துப் பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் சொல்லிப் பார்த்தான். மேயில் வெயில் இதமாக இருக்கும் என்றான். கொசு குறைவு என்றான். இன்னும் இரண்டு வருஷத்தில் பிலிப் ஏரியை விற்றுவிட்டால் என்றான். பிஷப்பே செத்துப்போனால் என்றுகூடச் சொன்னான். டெரி சிரித்தான், சிரிப்பு இருமலானது, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

மணி இரண்டே முக்கால்.

"ஏன்டா இப்படிப் பறக்கற?" என்றான் டெரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சாகப்போறியா என்ன?"

மால்கம் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

"ஆமா" என்றான்.

டெரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னடா சொல்ற?"

"வயித்துல. போன வாரம்தான் சொன்னாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காதாம். யார்கிட்டயும் சொல்லல. அதான் மேயிலயே போயிடலாம்னு."

சொல்லி முடித்ததும் அவனுக்கு அசிங்கமாக இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும். காரியம் முடிந்தது. பொய்யோ புரட்டோ, மே மாதம் டெரி பிஷப்பைப் பிடிக்க உட்காருவான். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டெரி கம்ப்யூட்டரை மடியிலிருந்து இறக்கி வைத்தான். சிரமப்பட்டு எழுந்து வந்து மால்கமின் தோளில் கை வைத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் மீன் பிடிபட்டபோதைத் தவிர இருவரும் தொட்டுக்கொண்டதே கிடையாது. அந்தக் கையில் எடையே இல்லை.

"முட்டாப்பயலே" என்றான் டெரி. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"சரி, பிலிப்புக்குப் போன் போடு. மூணு மணிக்கு மேல அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றான் மால்கம்.

"போடறேன், இரு. மொர்வால் எதுக்கு உனக்கு? படகு தள்ளணும், சேத்துல நடக்கணும், கக்கூஸ் கூட கிடையாது. வயித்துல நோவ வெச்சுக்கிட்டு அங்க வந்து என்னடா பண்ணுவ? மேயில நாம தியோல் போறோம். உன் ஏரி."

"இல்லடா. எனக்கு மொர்வால்தான் வேணும். ஒரு தடவ பாக்கணும்னு..."

"யார்கிட்ட கதை விடற? இருபது வருஷமா சேத்துக்குழின்னு திட்டினவன் நீ. நீ எனக்காகத்தான் சொல்றன்னு எனக்குத் தெரியாதா? சாகற நேரத்துல பெரிய தியாகியாகப் பாக்கறான்." அவன் குரல் உடைந்தது. "என் முறைய உனக்குத் தரேன். எடுத்துக்க. முட்டையும் பன்னியும் தின்னுட்டு வெந்நியில குளிச்சிக்கிட்டுக் கிட."

மால்கம் கடிகாரத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லலாம். எனக்கு ஒன்றுமில்லை, சாகப்போவது நீ என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் மொர்வால் போச்சு. சொன்னால், டெரி கேட்ட ஒரே ஒரு உதவி போச்சு. அடுப்படி வாசலில் மோரின் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளைப் பார்த்தான். அவள் தலையை மெதுவாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

டெரி போனைக் காதில் வைத்திருந்தான்.

"பிலிப், டெரி பேசறேன். அந்த மே வாரத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துடு. இல்ல இல்ல, எனக்கு செப்டம்பரே போதும். நான் காத்திருப்பேன்பா, எனக்கென்ன அவசரம்? ஆமா, ரெண்டு பேர். என் பேரும் மால்கம் பேரும்."

போனை வைத்துவிட்டு அவன் மால்கம் பக்கம் திரும்பினான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டான்.

"செப்டம்பருக்கு உன் பேரையும் போட்டுட்டேன்" என்றான். "இருந்தா வா."

வருகிறேன் என்றான் மால்கம்.