எத்திராஜின் காதுச் சோதனை

எத்திராஜைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் கடலில் மூழ்கி மூழ்கிக் காதில் சீழ் பிடித்து, முப்பது வயதில் இரண்டு காதும் அடைத்துவிட்டன. துறைமுகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. கப்பலின் அடித்தளத்தில் நின்று மூட்டைகளைக் கட்டி மேலே அனுப்ப வேண்டும். மேல்தளத்தில் மூட்டை தூக்கும் வின்ச் ஓடத் தொடங்கினால் கீழே இரும்புத் தரை அதிரும். வெறுங்காலோடு நிற்கிற எத்திராஜுக்கு அந்த அதிர்வுதான் சத்தம். எங்களுக்கெல்லாம் முந்தி அவன் விலகிவிடுவான். இரண்டு வருஷம் மேஸ்திரிக்கே விஷயம் தெரியாது.

ஐம்பத்தொன்றாம் வருஷம், பக்கத்துக் கப்பலில் கூப்பிட்டது கேட்காமல் ஒருவன் மூட்டைக்கு அடியில் செத்தான். காண்டிராக்டர் உடனே டாக்டரை அழைத்துவந்தார். காது கேட்காதவனுக்கு மறுநாள் முதல் வேலை இல்லை.

நான்தான் யோசனை சொன்னேன். "டாக்டர் உன் முதுவாண்ட நின்னு கூவுவாரு. நான் எதுர்ல நிக்கிறேன். நான் மூக்கச் சொறிஞ்சா, கேக்குதுன்னு சொல்லு." வாயசைப்பு அவனுக்கு நன்றாகப் புரியும்.

எல்லாம் சரியாகவே நடந்தது. டாக்டர் பின்னால் நின்று கை தட்டினார். சொறிந்தேன். "கேக்குதுங்க." மெல்லக் கூப்பிட்டார். சொறிந்தேன். "கேக்குதுங்க." டாக்டர் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, பையிலிருந்து கவை மாதிரி ஓர் எஃகுத் துண்டை எடுத்து, முழங்கையில் தட்டி, அதன் காம்பை அவன் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். காது அடைத்தவனுக்கும் எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போகுமாம், அப்போது எனக்குத் தெரியாது.

எத்திராஜ் துள்ளி எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "யப்பா! கேக்குது சாமி! இப்பதான் கேக்குது! மணி அடிக்கிற மாரி கீது!"

நான் மூக்கைத் தொடவே இல்லை.

"இப்பதானா?" என்றார் டாக்டர், அவன் முன்னால் வந்து.

வாயைப் பார்த்துத் தலையாட்டினான், பாவி. "ஆமா சாமி, சத்தம் கேட்டு ரெண்டு வருசம் ஆச்சி. இன்னொரு தபா வைங்க."

டாக்டர் நல்ல மனுஷர், இன்னொரு தடவையும் வைத்தார். பிறகு ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். இவனுக்கு இனி துறைமுகத்தில் வேலை கிடையாது என்று காண்டிராக்டரின் ஆள் படித்துச் சொன்னான்.

துறைமுக வாசலில் அவன் மனைவி மங்கை காலையிலிருந்து நின்றிருந்தாள். "இன்னா ஆச்சி, அத்தாவுல்லா அண்ணே?"

நான் வாய் திறக்குமுன் எத்திராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கேட்டுச்சுமே! என் காதுல கேட்டுச்சு!"

மங்கை அங்கேயே மண்ணில் விழுந்து சாமி கும்பிட்டாள். எழுந்து என்னையும் கும்பிட்டாள். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வூட்டுக்குப் போ தங்கச்சி" என்றேன்.