தங்கையன் வண்டியின் நான்கு டயர்கள்

மார்த்தாண்டம் சந்தை முக்கில் முதன்முதலாக வாடகைக் கார் கொண்டு நிறுத்தியவர் முத்துநாயகம்தான். யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒரு பழைய மோரிஸ் வாங்கினார். ஆறு வருஷம் அவருக்கு எதிராளி கிடையாது. கல்யாணமோ, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோவதோ, திருவனந்தபுரத்தில் கோர்ட் வழக்கோ, எதுவானாலும் அவர் வண்டிதான். ஏழாவது வருஷம் அவருடைய சகலை தங்கையன், அதாவது அவர் மனைவி நேசபாயின் தங்கை ஜெபகனியைக் கட்டியவன், ஓர் ஆஸ்டினை ஓட்டி வந்து அவர் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினான். இறங்கி வந்து, “அண்ணாச்சி, ஒங்களுக்குப் பொறவுதான் நான்” என்று சிரித்தான்.

அப்போது முத்துநாயகத்துக்குப் பொறாமை ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் தங்கையனின் டயர்களும் அவருடைய டயர்களைப் போலவே பரிதாபமாக இருந்தன. பட்டாளம் கழித்துப்போட்ட டயர்கள்தான் அந்தக் காலத்தில் எல்லோருக்கும். பருத்தி நூல் கட்டிய டயர். பத்து மைல் ஓடினால் தோசைக்கல் போலச் சுடும், இருபது மைல் ஓடினால் எங்கேயாவது வெடிக்கும். ஓட்டை விழுந்த இடத்தில் உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு மறுபடியும் ஓட்டுவார்கள். திருவனந்தபுரம் போய் வருவதற்குள் இரண்டு தடவையாவது இறங்கி ஜாக்கி வைக்க வேண்டும். ஏறுகிறவர்களுக்கும் அது தெரியும். வழியில் இருந்து சாப்பிடக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் தங்கையன் நான்கு சக்கரத்துக்கும் புது டயர் போட்டான்.

அது வேறு ஜாதி டயர். உள்ளே பருத்திக்குப் பதில் பட்டுப் போல ஏதோ செயற்கை நூல் என்றார்கள். மேலே ரப்பர் விரல் கனத்துக்கு இருந்தது. வெட்டு வெட்டாக ஆழமான பள்ளங்கள். சந்தைக்கு வந்தவர்கள் மாட்டைத் தடவுவது போல அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து, சோறு பரிமாறும்போது நேசபாய் சொன்னாள்: “கேட்டியளா, தங்கையன் நேத்து திருவனந்தபுரம் போய்ட்டு வந்தானாம். ஒரு தடவ கூட எறங்கலியாம். ஜெபகனி சொன்னா.”

“புது டயருன்னா நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். பொறவு பாரு.”

“அதுக்கில்ல. நாமளும் ஒரு ரெண்டெண்ணம்...”

“ஏட்டி, கொழம்ப ஊத்து.”

நாலு நாள் போயிற்று. நாற்பது நாளும் போயிற்று. குலசேகரத்து ரப்பர் எஸ்டேட் முதலாளி நாராயணபெருமாள் திங்கட்கிழமைதோறும் முத்துநாயகத்தின் வண்டியில் திருவனந்தபுரம் போகிறவர். ஐந்து வருஷப் பழக்கம். ஒரு திங்கட்கிழமை அவர் நேராக நடந்துவந்து, முத்துநாயகம் திறந்து பிடித்திருந்த கதவைத் தாண்டி, பின்னால் நின்ற ஆஸ்டினில் ஏறினார். “கோவப்படாதேயும், முத்துநாயகம். எனக்கு நேரத்துக்குப் போகணும் பாத்தீரா” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். அவர் தோட்டத்தில் ரப்பர் பால் வாளி வாளியாக இறங்குகிறது, அதில் ஒரு சொட்டு நம் டயரில் இல்லாமல் போயிற்றே என்று முத்துநாயகத்துக்கு நெஞ்சு எரிந்தது. திறந்த கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அன்று சாயங்காலம் ஆஸ்டின் திரும்பி வந்து நின்றதும், தங்கையன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அதன் பின்சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடுதான். குளித்து வந்த பிள்ளையின் முதுகு மாதிரி. தன் வண்டிச் சக்கரத்தில் வைத்தார்; பக்கத்திலிருக்கிற காளிச்சந்தை வரை மட்டுமே போய் வந்த சக்கரம், வெடுக்கென்று கையை எடுக்க வேண்டியிருந்தது. அந்த இளஞ்சூட்டை அவரால் மறக்க முடியவில்லை. சோற்றில் கை வைக்கும்போதும் அது நினைவு வந்தது. கோயிலில் போதகர் ஜெபிக்கும்போதும் வந்தது.

எங்கே வாங்கினாய் என்று தங்கையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவனும் தானாகச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் மறைக்கிறான் என்று முத்துநாயகம் முடிவு செய்துகொண்டார். தாமே நாகர்கோவிலுக்குப் போய் ஒரு சந்துக் கடையில் விசாரித்தார். “அதே டயருதான், வெல பாதிதான்” என்று கடைக்காரன் கறுகறுவென்று பளபளத்த இரண்டை எடுத்து உருட்டினான். கொண்டுவந்து மாட்டி, சந்தை முக்கில் எல்லோரும் பார்க்கும்படி சக்கரத்தைத் துடைத்தார். பத்தொன்பதாம் நாள் மழை பெய்தது. மை கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடியது. தேய்ந்துபோன டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, மேலே மை பூசி விற்றிருக்கிறான். பள்ளத்தின் அடியில் நூல் பல்லிளித்தது. டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. தங்கையன் சிரிக்கவில்லை. அதுதான் முத்துநாயகத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கொல்லன் பட்டறையில் காளைக்கு லாடம் அடிக்கும் ஆணி ஒன்று வாங்கினார். ஆஸ்டின் புளியமர நிழலில் நின்றது. தங்கையன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். வெயிலில் ஆளரவம் இல்லை. முத்துநாயகம் செருப்பைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, ஆணியைக் கூர் மேலே இருக்கும்படி பின்சக்கரத்துக்கு முன்னால் சாய்த்து வைத்து, ஒரு கல்லால் அண்டை கொடுத்தார். பிறகு தன் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனசு குளிர்ந்திருந்தது. தங்கையன் வந்தான், அவரைப் பார்த்துக் கையை ஆட்டினான், வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நேசபாய் சொன்னாள்: “ஜெபகனியும் பிள்ளையும் நெய்யாற்றின்கரைக்குப் போயிருக்கா. அவ நாத்தனாருக்கு வளகாப்பு. தங்கையன்தான் வண்டியில கூட்டிட்டுப் போறான்.”

முத்துநாயகம் போட்ட சோற்றை விட்டு எழுந்தார். “என்னவாக்கும்? எங்க போறிய?” என்ற குரல் பின்னால் கேட்டது. மோரிஸைக் கிளப்பிக் குழித்துறைப் பாலத்தைத் தாண்டும்போது உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வளையம் வழுக்கியது. இறக்கத்தில் டயர் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் அந்த ஆஸ்டின் ஓடையில் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்தார். களியக்காவிளை தாண்டி ஒரு மைல்கூட இராது, துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கவிழ்ந்தது ஆஸ்டின் அல்ல. வெடித்தது அவருடைய முன்சக்கரம்தான். வண்டி ஒரு பலாமரத்தின் மேல் உரசி நின்றது.

மேல்கூரையில் கட்டியிருந்த மாற்று டயரை இறக்கினால் அதிலும் காற்றில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். அப்போது எதிரே அந்த ஆஸ்டின், ஒரு குறையும் இல்லாமல், மெல்லிய இரைச்சலோடு வந்து நின்றது.

“அத்தான்! என்ன, தனியா இருக்கிய?” என்று ஜெபகனி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிள்ளையின் கையில் கண்ணாடி வளையல்கள். முத்துநாயகம் அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

தங்கையன் தன் மாற்றுச் சக்கரத்தின் டியூபைக் கழற்றி அவருடைய மாற்று டயருக்குள் போட்டுக் காற்றடித்தான். வேலை முடிந்து கை துடைக்கும்போது அவன் கண் தன் பின்சக்கரத்தில் போயிற்று. குறடு ஒன்றை எடுத்து எதையோ பிடுங்கினான்.

“அண்ணாச்சி, இதப் பாத்தியளா! லாட ஆணி. முக்கால் அங்குலம் ஏறியிருக்கு. டியூபத் தொடல்ல. ரப்பரிலயே வளைஞ்சு நின்னு போச்சு. பழைய டயரா இருந்தா இன்னைக்கு எங்க கத என்ன?” வெற்றி பெற்றவனைப் போல அதை வெயிலில் பிடித்துக் காட்டினான். “நாளைக்கு நான் திருவனந்தபுரம் போறேன். கூட வாருங்க. ஒங்களுக்கு ரெண்டெண்ணம் பாத்து எடுத்துத் தாறேன்.”

“இத்தன நாளு ஏன் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே. நானா சொன்னா ஒங்களுக்குக் கொறச்சலா இருக்கும்னு நெனச்சேன்.”

மறுநாள் ஆஸ்டினில் போகும்போது, பாலராமபுரம் தாண்டியதும் முத்துநாயகம் சொன்னார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “தங்கையா, அந்த ஆணிய வச்சது நான்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

வண்டி நின்றது. தங்கையன் வளையத்தைப் பிடித்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காளைவண்டி அவர்களைக் கடந்து போய், தூரத்தில் சின்னதாவதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“பிள்ள இருந்தது வண்டில.”

“எனக்குத் தெரியாது மக்கா. சத்தியமா தெரியாது.”

“நான் இருந்தேனே. அது தெரியும்லா?”

இறக்கிவிடுவான் என்று எதிர்பார்த்து முத்துநாயகம் கதவில் கை வைத்தார். தங்கையன் வண்டியை எடுத்தான்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பெரிய டயர்க்கடை. தங்கையன் கடைக்காரனோடு மட்டும் பேசினான். முதலில் எடுத்துப் போட்ட டயரின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினான். மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தது. “இது கடைக் கண்ணாடிக்குப் பொறத்த வெயிலுல கெடந்தது. வேண்டாம்.” அடுத்ததற்குள் கையை விட்டுச் சுற்றிலும் தடவினான். ஏதோ புடைப்புத் தட்டுப்பட்டது போல, அதையும் தள்ளினான். “வெல கொறச்சுத் தாறேன்” என்றான் கடைக்காரன். “வெலயக் கொறச்சா மைலும் கொறையும். நல்லத எடும்” என்றான் தங்கையன். எட்டாவதும் பதினோராவதும்தான் அவனுக்குப் பிடித்தன. முன்சக்கரத்துக்குப் புதுசு இரண்டு. பின்சக்கரத்துக்கு அவருடைய பழசில் உள்நூல் கட்டு கெடாத இரண்டுக்குப் புது ரப்பர் ஒட்டினால் போதும், நாலும் புதுசு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம் என்று, அதையும் கடைக்காரனைப் பார்த்தே சொன்னான்.

இருபத்துச் சொச்சம் மைலும் பேச்சில்லாமல் திரும்பி வந்தார்கள். முத்துநாயகத்தின் வாசலில் டயர்களை இறக்கி வைத்துவிட்டு, “ஜெபகனிட்ட நான் சொல்லமாட்டேன். நேசபாய் அக்காளுக்கு மனசு தாங்காது. இனி என் வண்டிப் பக்கம் வராதேயும்” என்று சொல்லிவிட்டுப் போனான். ‘நீங்க’ என்கிற மரியாதையை விட்டு, அவன் அவரிடம் நீர் போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

டயர்கள் நன்றாகவே ஓடின. போன ஆட்கள் திரும்பி வந்தார்கள், நாராயணபெருமாள் மட்டும் வரவில்லை. ஆனால் முத்துநாயகத்துக்குள் அந்த எரிச்சல் ஆறவில்லை, இடம் மாறியது. தங்கையன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் அவமானத்தோடு போயிருக்கும். அவன் வாயை மூடிக்கொண்டு தினமும் பின்னால் வந்து நிற்கிறான்; அந்தப் பொறுமை தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று இவர் வேகிறார். கடைசியில் நேசபாயிடம் அவரே சொன்னார். அவள் மூன்று நாள் அவரோடு பேசாமல் சமைத்துப் போட்டாள். நாலாம் நாள் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று சொல்லவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கிறிஸ்மஸ் அன்று, கோயில் முடிந்து வெளியே வரும்போது தங்கையன் அவர் வண்டியருகே வந்து நின்றான். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“எத்தன மைலு ஆச்சு அண்ணாச்சி?”

“இருபத்தோராயிரம்.”

“வெட்டு இன்னும் கெடக்கே.” அவன் முகம் லேசாகச் சுருங்கியது. “எனக்குப் பதினெட்டுலயே போயிடிச்சு. நான் தேடி எடுத்த டயரு, ஒங்களுக்கு நல்லா ஓடுது.”

முத்துநாயகம் இது ஒன்றும் பெரிதில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். “மெதுவா ஓட்டணும் மக்கா. வளைவுல பிரேக்கப் போட்டு மிதிக்கக் கூடாது” என்றார். உள்ளே எழுந்த சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து, தேவையே இல்லாமல், சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டார்.